சிவாஜி கணேசனின் அரை நூற்றாண்டு: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவில் சிவாஜி கணேசன் நடித்த படமொன்றைத் திரையிட்டு வருகிறோம். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, நிலத்தில் பாய் விரித்துப் பார்ப்பதுதான். வயது போனவர்கள் வருவார்கள் என்றுதான் தொடங்கினோம். ஆனால் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும் வரத் தொடங்கிவிட்டார்கள். படம் முடிந்ததும் அவர்கள் கேட்கிற கேள்விகள் நல்ல கேள்விகள். இரவு நேரத்தில் நின்று பதில் சொல்ல முடியாமல் போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன். சிறுவயதில் பெரியப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துபோய் அவருடைய படங்களைப் பார்த்தவன்.

எத்தனை வருடம் நடித்தார்? எத்தனை படம்?

1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’ முதல் படம். 1999இல் வந்த ‘படையப்பா’, ‘பூப்பறிக்க வருகிறோம்’ ஆகியவை கடைசிப் படங்கள். இடையில் 47 வருடங்கள், ஏறத்தாழ 280 படங்கள். நூறாவது படம் 1964இல் வந்த ‘நவராத்திரி’, இருநூறாவது 1979இல் வந்த ‘திரிசூலம்’. முதல் நூறு படங்களையும் அவர் பன்னிரண்டு வருடத்தில் முடித்திருக்கிறார். வருடத்துக்கு எட்டுக்கும் மேல். அந்த நூறுக்குள்தான் ‘அந்த நாள்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘பாசமலர்’, ‘கர்ணன்’ எல்லாம் அடக்கம்.

கணேசன் எப்படி ‘சிவாஜி’ ஆனார்?

1928 ஒக்டோபர் 1இல் பிறந்தபோது வைத்த பெயர் கணேசன். தகப்பன் சின்னையா மன்றாயர், தாய் ராஜாமணி அம்மாள். அண்ணாதுரை எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ என்ற நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்தார். முதலில் அந்த வேடத்துக்கு எம்.ஜி.ஆரைத்தான் எண்ணியிருந்தார்கள், அது அமையாமல் போகவே கணேசனுக்குக் கிடைத்தது. நாடகத்தைப் பார்த்த பெரியார், இனி இவர் சிவாஜி கணேசன் என்று சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னர் என்ன செய்துகொண்டிருந்தார்?

நாடகம். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு பாய்ஸ் கம்பனி என்று சொல்லப்பட்ட சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்தவர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழு அது. பெண் வேடம் கட்டினார், பாடினார், ஆடினார், அடி வாங்கினார். பெண் வேடம் போட்டுப் பழகிய உடம்பு என்பதை அவருடைய நடையில் பார்க்கலாம். தோள், இடுப்பு, பாதம் மூன்றையும் தனித்தனியாக ஆளத் தெரிந்த நடை அது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு நடை வைத்திருந்தார். கட்டபொம்மன் நடப்பதும் வ.உ.சி. நடப்பதும் ஒரே கால்தானா என்று நினைக்க வைக்கும்.

யாழ்ப்பாணத்தார் அவரைச் சட்டென்று தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டதற்கும் இந்த நாடகப் பின்னணியே காரணம் என்பது என் எண்ணம். சினிமா வருவதற்கு முன்னரே எங்களுக்கு விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழக்கம். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் நின்று பாடியபோது, கோயில் வீதியில் ஒரு பிள்ளைகூட நித்திரை கொண்டதில்லை என்று என் அம்மா சொல்லுவார். கலையரசு சொர்ணலிங்கம் பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு அவருடைய நாடகங்களை இலங்கையில் மேடையேற்றியவர். அதே பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’தான் 1954இல் சிவாஜியின் படமாக வந்தது. சங்கிலியால் கட்டுண்டு நிற்கும் மனோகரனைத் திரையில் பார்த்த எங்கள் பெரியவர்களுக்கு அது புது ஆள் அல்ல, மேடையில் ஏற்கெனவே தெரிந்த மனோகரன். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை.

‘பராசக்தி’யில் அவரை நீக்கப் பார்த்தார்களாமே?

உண்மைதான். ஆள் மெலிவு, முகம் சரியில்லை என்று ஸ்டூடியோவில் முணுமுணுத்தார்கள். ஏவி.எம். செட்டியாருக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. தயாரிப்பில் பங்காளியாக இருந்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள்தான் விடாப்பிடியாக நின்றார். கிருஷ்ணன் – பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம். படம் வந்த பிறகு முணுமுணுத்த வாய்கள் மூடிவிட்டன. சிவாஜி ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூரில் பெருமாளின் வீட்டுக்குப் போய் வணங்கி வருவதை வழக்கமாக வைத்திருந்தார். நன்றி மறவாத குணத்துக்குச் சான்றாக இதைத்தான் வகுப்பில் சொல்லிவந்தேன்.

வசனத்தை இவ்வளவு சத்தமாகப் பேசுவது ஏன்?

இது மைக் இல்லாத மேடையில் பழகிய குரல். கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்க வேண்டும், அதே நேரம் ஒரு எழுத்தும் சிதையக் கூடாது. சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மூச்சைக் கவனியுங்கள். நீண்ட வசனத்தில் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பது வெளியே தெரியாது. ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் திடீரென்று தணிந்து, காதோடு சொல்வதுபோல் ஒரு சொல் சொல்லுவார். அந்தத் தணிவுக்காகத்தான் அந்த ஏற்றம்.

லகர, ளகர, ழகரம் மூன்றும் மூன்றாக ஒலிக்கும். யாழ்ப்பாணத்துத் தமிழ் வாத்தியார்களுக்கு அவர்மேல் இருந்த அன்புக்கு இதுவும் ஒரு காரணம். நான் மாணவனாக இருந்தபோதும் பின்னர் ஆசிரியனாக இருந்தபோதும், பள்ளிக்கூட விழாவென்றால் ஒரு பையன் மீசை வரைந்துகொண்டு கட்டபொம்மனாக வருவான். சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் வசனத்தை ஒரு மூச்சில் சொல்லுவான். வெள்ளைத் துரையாக எதிரே நிற்கும் பையனுக்குத்தான் பாவம், ஒருவரும் கை தட்ட மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் படங்களை எப்படிப் பார்த்தீர்கள்?

பார்ப்பதற்கு முன்னர் கேட்டோம். இதை முதலில் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ போகும். ஒரு படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி, படமே இல்லாமல் ஒலியை மட்டும் தருவார்கள். அம்மா தேங்காய் துருவியபடி கேட்பார், அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியபடி கேட்பார். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் லவுட்ஸ்பீக்கரில் கதைவசன ரெக்கோட் போடுவார்கள். ‘திருவிளையாடல்’ படத்தைத் தியேட்டரில் பார்ப்பதற்கு முன்னரே அதன் வசனம் எனக்குப் பாடம். திரையில் பார்த்தபோது அந்தக் குரலுக்கு முகமும் கையும் கிடைத்ததுபோல் இருந்தது.

தியேட்டர் என்றால் யாழ் நகரத்தில் வின்சர், ராணி, ராஜா, மனோகரா, வெலிங்டன், ரீகல், ஸ்ரீதர் என்று ஒரு வரிசையே இருந்தது. நாங்கள் கலரிக்காரர். திரைக்குக் கிட்ட, அண்ணாந்து பார்க்கிற இடம். படம் இந்தியாவில் வந்த அதே நாளில் இங்கே வராது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியைத் தன் கையில் எடுத்த பிறகு புதுப்படங்கள் இன்னும் அரிதாகின. அதனால் வந்த படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். ‘வசந்த மாளிகை’யை எத்தனை தரம் பார்த்தாய் என்று என் தலைமுறை ஆளிடம் கேளுங்கள். ஒரு தரம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

இப்படித் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒரு நன்மை இருந்தது. முதல் தரம் கதை பார்ப்போம், இரண்டாம் தரம் அவர் பேசுவதைப் பார்ப்போம். மூன்றாம் தரந்தான் மற்றவர் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தோன்றும். அவருடைய நடிப்பின் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் அது ‘ஓவர் அக்டிங்’தானே?

அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் அனேகர் தொலைபேசியில் இரண்டு நிமிடத் துண்டு பார்த்தவர்கள். அந்தத் துண்டுகள் எப்போதும் உச்சக்கட்ட அழுகையாகவோ ஆவேசமாகவோதான் இருக்கும். மூன்று மணி நேரம் அடுக்கி அடுக்கி ஏற்றிக்கொண்டு வந்த கட்டத்தின் கடைசிப் படியை மட்டும் வெட்டி எடுத்தால் அது மிகையாகத்தான் தெரியும்.

சரி, முழுப்படங்களையே எடுத்துப் பேசுவோம். ‘பராசக்தி’ வந்து இரண்டு வருடம் ஆகுமுன்னர் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. சிவாஜிக்கு நாட்டையே காட்டிக்கொடுக்கும் ரேடியோ எஞ்சினியர் வேடம். கதாநாயகனாக அப்போதுதான் பெயர் எடுத்த ஒருவர், தேசத்துரோகியாக, அதுவும் படத்தின் தொடக்கத்திலேயே செத்துக் கிடக்கிற ஒருவனாக நடித்திருக்கிறார். வெவ்வேறு ஆட்கள் அவனைப் பற்றிச் சொல்லும்போது ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொரு விதமாகத் தெரிகிறான். பராசக்தியின் குரலை அதில் தேடினால் கிடைக்காது. அடக்கி நடிக்கத் தெரியாமல் இருந்தவர் அல்ல அவர். பாத்திரம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தவர். கர்ணன் மகாபாரதத்து ஆள், அவன் வீட்டு விறாந்தையில் கதைப்பதுபோல் கதைக்க முடியாது. கூத்தில் அரசன் வரவுக்கு ஒரு அளவு உண்டு, அந்த அளவில் வந்தால்தான் அரசன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். சில படங்களில் மிகை உண்டு. அழுகை தேவைக்கு மேல் நீளும் இடங்கள் உண்டு. கதை பலவீனமாக இருக்கும்போது அவர் தன் தோளில் எல்லாவற்றையும் தூக்க முயல்வார், அப்போது பாரம் தெரியும். 280 படத்தில் அது இல்லாமல் இராது. ஆனால் அதை வைத்து மற்றதைக் கழிப்பது நியாயமில்லை.

எங்கள் அம்மப்பா ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்தால் கண் கலங்குகிறார். ஏன்?

ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி. உங்கள் அம்மப்பா இணுவில் பக்கமா என்று கேட்டேன், ஆம் என்றாள். பிறகு என்ன விளக்கம் வேண்டும்!

நாதஸ்வரமும் தவிலும் எங்கள் நிலத்தின் வாத்தியங்கள். இணுவில், அளவெட்டி என்று மேளகாரர் ஊர்கள் உண்டு. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியைத் தமிழ்நாட்டு வித்துவான்களே தேடி வந்து வணங்கினார்கள். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம் நல்லூர்த் திருவிழாவோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். திருவிழாக் காலத்தில் மேளச் சமா என்றால், இரவு முழுக்கக் கோயில் வீதி மணலில் குந்தியிருந்து ஒவ்வொரு தனிக்கும் தலையாட்டிய சனம் இது. அந்தச் சனத்தின் முன்னால் நாதஸ்வரம் வாசிப்பதுபோல் பாசாங்கு செய்தால் முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

படத்தில் உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். இசை கே.வி. மகாதேவன். சிவாஜி வாசிக்கவில்லை. ஆனால் சீவாளியை உதட்டில் வைக்கும் விதம், கன்னம் உப்பும் அளவு, நீண்ட சுரத்தில் கழுத்து நரம்பு எழுவது, வாசித்து முடித்து மூச்சு வாங்கும்போது கண்ணில் வருகிற மிதப்பு எல்லாமே வித்துவானுடையவை. எங்கள் ஊரில் ஒரு பழைய நாதஸ்வரகாரர் இருந்தார். கொட்டகையில் பின்வரிசையில் நின்றபடி, படத்தில் விரல் பிசகுகிறதா என்று பார்க்க மூன்று தரம் போனேன், பிடிக்க முடியவில்லை என்று சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். எந்த விருதையும்விட அந்த ஒரு சொல் பெரிது என்று எனக்கு இன்றுவரை தோன்றுகிறது.

இன்னொன்று, படத்தில் சிவாஜி ஏற்ற நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்தின் ரோசம். கலைஞனை அவமதித்தால் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். அந்தக் குணத்தை எங்கள் பெரியவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். அம்மப்பா கலங்குவது படத்துக்காக மட்டும் இராது.

யாழ்ப்பாணத்து வீட்டுக்கு மிகக் கிட்டிய படம் எது?

என்னைக் கேட்டால் 1970இல் வந்த ‘வியட்நாம் வீடு’. சுந்தரம் எழுதி மேடையில் நடந்த நாடகம், பிறகு படமானது. உத்தியோகத்தில் இருந்தவரை வீட்டுக்கு அரசனாக இருந்த ஒருவர், ஓய்வுபெற்ற மறுநாளில் இருந்து எப்படிச் சிறுகச் சிறுகச் சுருங்குகிறார் என்பதுதான் கதை. பெயர் ‘பிரஸ்டிஜ்’ பத்மநாபன்.

யாழ்ப்பாணம் கிளாக்கர்மாரின் ஊர். கொழும்பில் கந்தோர், மாதத்துக்கு ஒரு தரம் மெயில் ரயிலில் ஊர், 55 வயதில் பென்சன். எங்கள் தகப்பன்மார் எல்லோரும் ஒரு விதத்தில் பத்மநாபன்கள். அப்பா ஓய்வுபெற்று வந்த வருடம் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். பார்த்துவிட்டு வரும்போது அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் எழுந்து, போக இடமில்லாமல், கந்தோர் உடுப்பைத் தானே தோய்த்து மடித்து வைத்தார். படம் வந்தபோது சிவாஜிக்கு வயது 41 தான். அறுபதை நெருங்குகிற ஒருவருடைய முதுகு வளைவும், மேலே போட்ட துண்டைச் சரிசெய்கிற கையும் அவருக்கு எங்கே இருந்து கிடைத்தன என்பதை நினைக்க நினைக்க வியப்பு.

ஒன்பது வேடம், மூன்று வேடம் என்பதெல்லாம் வெறும் ஒப்பனைதானே?

ஒப்பனை வேலையும் உண்டு. ஆனால் 1969இல் வந்த ‘தெய்வமக’னைப் பாருங்கள். தகப்பனும் இரண்டு மகன்களும் ஒருவரே. கணினி வித்தை இல்லாத காலம். ஒரே காட்சியில் மூவரும் நிற்கும்போது, எதிரே ஆள் இல்லாத வெறும் இடத்தைப் பார்த்தே நடித்திருப்பார். அழகான தம்பியின் துள்ளல், முகத்தில் வடுவுள்ள அண்ணனின் ஒடுக்கம், இருவருக்கும் நடுவே தகப்பனின் குற்ற உணர்ச்சி என்று மூன்றையும் கண்ணாலேயே பிரித்திருக்கிறார். ஓஸ்காருக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம் அதுதான்.

பாட்டும் அவர் பாடியதுபோலவே இருக்கிறதே?

பாடியவர் பெரும்பாலும் டி.எம். சௌந்தரராஜன். ‘பராசக்தி’யில் சி.எஸ். ஜெயராமன். 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில்தான் சௌந்தரராஜன் வந்தார். சிவாஜியின் பேச்சுக் குரலைக் கேட்டுத் தன் குரலை அதற்கேற்ப வளைத்துக்கொண்டவர் அவர். சிவாஜியும் வாயை மட்டும் அசைக்காமல், மேல்சுரத்தில் பாடுபவனுக்கு வரும் கழுத்துத் துடிப்பையும் சேர்த்துத் தருவார். அதனால்தான் நம்பிவிடுகிறோம்.

எம்.ஜி.ஆரா, சிவாஜியா? யாழ்ப்பாணத்தில் யாருக்கு ஆள் கூட?

இரண்டு பக்கமும் இருந்தது, ஒரே வீட்டுக்குள்ளேயே இருந்தது. எங்கள் வீட்டில் பெரியப்பா சிவாஜி, சித்தப்பா எம்.ஜி.ஆர். எம்.ஜி.ஆர். எங்கள் நாட்டில் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது சித்தப்பாவின் பெரிய துருப்பு. அவர்களுக்கிடையே வாய்ச்சண்டை நடக்கும், ஆனால் புதுப்படத்துக்குச் சேர்ந்தே போவார்கள். இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் 1954இல் வந்த ‘கூண்டுக்கிளி’. இருவரையும் ஒப்பிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. எம்.ஜி.ஆர். படத்தில் நாங்கள் எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போனோம். சிவாஜி படத்தில் இந்தத் தரம் சிவாஜி யாராக வருகிறார் என்று பார்க்கப் போனோம்.

அவர் இலங்கைக்கு வந்து நடித்திருக்கிறாரா?

ஆம். 1978இல் வந்த ‘பைலட் பிரேம்நாத்’ இந்திய – இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு. ஏ.சி. திருலோகச்சந்தர் இயக்கினார். சிங்களத் திரையின் அரசியான மாலினி பொன்சேகா அவருக்கு மனைவியாக நடித்தார். இங்கே நீண்ட நாள் ஓடிய படம். பிறகு ஸ்ரீதர் இயக்கிய ‘மோகனப் புன்னகை’யும் (1981) இங்கே படமாக்கப்பட்டது, அதில் கீதா குமாரசிங்க நடித்திருந்தார். நடிப்பு என்று பார்த்தால் இரண்டும் அவருடைய சிறந்த படங்களின் வரிசையில் வராது. ஆனால் எங்கள் நாட்டு வீதியில் அவர் நடந்து வருவதைத் திரையில் பார்த்த அந்தச் சந்தோசம் வேறு.

அரசியலில் ஏன் வெல்லவில்லை?

திராவிட இயக்க மேடையில் வளர்ந்து, பின்னர் விலகி, காமராசரின் பின்னால் நீண்ட காலம் நின்றார். 1988இல் சொந்தக் கட்சி தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்றார். திரையில் அவர் ஏற்றது பெரும்பாலும் குறையுள்ள, உடைந்துபோகிற மனிதர்களை. அப்படிப்பட்டவர்களுக்காகச் சனம் அழும், வாக்குப் போடுமா என்பது வேறு விடயம். இதற்கு மேல் அந்தப் பக்கம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

விருதுகள்?

1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய – ஆபிரிக்கப் படவிழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காகச் சிறந்த நடிகர் விருது. 1966இல் பத்மஸ்ரீ, 1984இல் பத்மபூஷண், 1995இல் பிரான்சின் செவாலியே, அடுத்து தாதாசாகேப் பால்கே. இந்திய அரசின் சிறந்த நடிகர் தேசிய விருது மட்டும் ஒரு தரமும் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

கட்டபொம்மனுக்கு அவர் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் தன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி 1970இல் சிலை வைத்தார். வேடம் போட்ட மனிதருக்கு வேடத்தின் சொந்தக்காரர் மேல் இருந்த கடன் அது.

1980களில் வந்த படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. நான் மட்டும்தானா?

இல்லை. அந்தக் காலத்துப் பல படங்கள் அவருக்கு ஏற்றவை அல்ல. மகள் வயதுக் கதாநாயகிகள், பொருந்தாத தலைமயிர், வேகமான ஆட்டம். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவரைத் தெரிந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

ஆனால் அந்த இருட்டுக்குள் இருந்துதான் 1985இல் ‘முதல் மரியாதை’ வந்தது. பாரதிராஜா அவரை ஒரு ஊர்ப் பெரியவராக, சொந்த வயதில், ஒப்பனை குறைந்த முகத்தோடு ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டார். முப்பது வருடமாகச் சொல்லால் ஆண்ட மனிதர், அதில் சொல்லைக் கீழே வைத்துவிட்டார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் குந்தியிருக்கும்போது மனைவி வைகிறாள், அவர் மெல்வதை நிறுத்துகிறார், பிறகு மெல்லத் தொடர்கிறார். அந்த ஒரு நிறுத்தத்தில் ஒரு ஆயுட்காலத்துத் தாம்பத்தியம் தெரிகிறது. ‘மனோகரா’வில் சங்கிலி அறுத்தவரும் இவர்தானே என்று யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் அவருடைய உண்மையான பயணம். படங்களின் எண்ணிக்கையில் அது தெரியாது. 1992இல் ‘தேவர் மக’னில் பெரிய தேவராக வந்தபோது அந்த அமைதி முற்றாகப் பழுத்துவிட்டது.

போர்க்காலத்தில் படம் பார்க்க முடிந்ததா?

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோம். எப்போதாவது யாராவது வீட்டில் மண்ணெண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டி, டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். ஊரே முற்றத்தில் கூடிவிடும். இரவு முழுக்க மூன்று படம். அதில் ஒன்று எப்படியும் சிவாஜி படமாக இருக்கும், பெரியவர்களின் பங்கு அது. ‘பாசமலர்’ போட்ட ஒரு இரவில், தங்கச்சியைப் பார்க்க அண்ணன் வருகிற கட்டத்தில் எண்ணெய் முடிந்து திரை இருண்டது. ஒருவரும் எழும்பவில்லை. இருட்டுக்குள் ஒரு ஆச்சி மிச்சக் கதையை வசனத்தோடு சொல்லி முடித்தார். அந்த முற்றத்தில் இருந்த பாதிப்பேருடைய அண்ணன்மார் அப்போது வேறு எங்கோ இருந்தார்கள்.

அவர் காலமானபோது இங்கே எப்படி இருந்தது?

2001 ஜூலை 21, சனிக்கிழமை. ரேடியோவில் கேட்டோம். அப்போது கண்டி வீதி மூடியிருந்தது, யாழ்ப்பாணம் ஒரு தீவுபோல இருந்த காலம். மூன்று நாள் கழித்துக் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல் நடந்தது, நாடு முழுக்க அதே பேச்சாகிவிட்டது. அதனால் அவருக்காக இங்கே துக்கப்பட மூன்றே நாள்தான் கிடைத்தது. பெரியப்பா அந்த மூன்று நாளும் முகச்சவரம் செய்யவில்லை. தன் சொந்தத் தமையன் செத்ததற்கு இருந்ததுபோலவே இருந்தார்.

எந்தப் படத்தில் தொடங்கட்டும்?

‘பராசக்தி’யில் தொடங்காதீர்கள், அதன் தமிழ் உங்களுக்கு முதலில் அந்நியமாகத் தோன்றலாம். ‘முதல் மரியாதை’யில் தொடங்குங்கள். அது பிடித்தால் ‘வியட்நாம் வீடு’, பிறகு ‘தில்லானா மோகனாம்பாள்’, அதன் பின்னர் பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’. இப்படிப் பின்னோக்கிப் போய்க் ‘கர்ண’னையும் ‘கட்டபொம்ம’னையும் அடையும்போது உங்கள் காது பழகியிருக்கும். ‘கர்ணன்’ 2012இல் புதுப்பித்து மீண்டும் திரைக்கு வந்தது, அந்தத் தெளிந்த பிரதியில் பாருங்கள். ‘அந்த நாள்’ எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அது இன்று எடுத்த படம்போல இருக்கும்.

அடுத்த மாதம் என்ன படம்?

‘நவராத்திரி’. அதில் ஒரு கூத்துக் காட்சி வருகிறது. சிவாஜி சத்தியவானாக, நடிகை சாவித்திரி புராணத்துச் சாவித்திரியாகத் தெருக்கூத்து ஆடுவார்கள். காத்தவராயன் கூத்து ஆடின எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவர், வயது எண்பது கடந்தவர், அந்தக் காட்சியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி, அந்த ஆட்டத்தைப் பற்றி அவரைப் பேசக் கேட்கப் போகிறோம். ஏழு மணிக்குத் தொடங்கும். அவருக்கு ஒரு கதிரை வேண்டும், கிட்ட வீடு உள்ளவர்கள் கொண்டுவாருங்கள்.